கரகரக்காத ரேடியோ

எனக்குப் பயம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் என்னைப் பெரிய வீரன் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். சுண்ணாம்புக்கல் குவாரியில் இருபது வருஷத்துக்கு மேல் வெடி வைத்தவன் நான். ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே போனேன், பயந்துகொண்டே வந்தேன். பத்து விரலும் இருக்கின்றன, இரண்டு காதும் கேட்கின்றன. இந்தத் தொழிலில் அதுவே பெரிய விஷயம். ஆனால் ஒரே ஒரு நாள் பயப்பட மறந்துபோனேன். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் அந்த நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. போர்டு

தொண்ணூற்றாறாம் வருஷம், கத்திரி வெயில் ஆரம்பிக்கிற சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அரியலூர் பக்கத்தில் ஒரு குவாரி. கம்பெனிப் பெயர் வேண்டாம், இப்போது அந்தக் குழியில் தண்ணீர்தான் நிற்கிறது. செந்துறையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் டைம் ஆபீஸ் வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிட்ட மேனேஜர் என் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார்.

“பேரு ரத்தினமா? சரி. காலைல செய்தி முடியறப்ப ரேடியோல வானிலை சொல்லுவான். கேட்டு அந்த போர்டுல எழுது. வெடி செக்‌ஷனுக்குப் புதுசா வர்றவன் வேலை இது.”

வெடி வைக்க வந்தவனுக்கு வானிலை எதற்கு என்று நினைத்தேன். கேட்கத் தைரியம் இல்லை. ஏழேகாலுக்கு டில்லியிலிருந்து செய்தி வந்தது. கடைசியில், நாடு முழுவதற்கும் அடுத்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எப்படி இருக்கும் என்று வாசித்தார்கள். ராஜஸ்தானில் புழுதிப் புயல் வீசக்கூடும். ஒரிசாவிலும் ஆந்திரக் கடலோரத்திலும் அனல் காற்று நீடிக்கும். அஸ்ஸாமில் பலத்த மழை. பீகாரில் சூறைக்காற்று. இமயமலைப் பக்கம் பனி. எல்லாம் சொல்லி முடித்து, போகிற போக்கில், உள் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று ஒரு வரி. நான் ஒன்றையும் விடவில்லை. போர்டு நிறைய எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் அஸ்ஸாமைச் செங்குத்தாக எழுதினேன்.

மேனேஜர் வந்து பார்த்தார்.

“ஏய்யா, ராஜஸ்தான்ல புழுதி அடிச்சா உன் கண்ணுல வந்து விழுமா? நீ என்ன பார்லிமெண்டுக்கா எழுதற? நம்மளுக்கு இடி உண்டா, இல்லையா. அத மட்டும் எழுது.”

பிறகு மேகசினிலிருந்து, அதாவது வெடிமருந்து வைக்கிற கிடங்கிலிருந்து, ஒரு கேப்பை எடுத்துவந்து காட்டினார். டெட்டனேட்டரைத்தான் கேப் என்போம். சுண்டு விரல் நீளத்துக்கு ஓர் அலுமினியக் குழாய், அதிலிருந்து இரண்டு வயர். பாறையில் துளைத்த குழிக்குள் வெடிமருந்துத் தோட்டாவோடு இது இறங்கும். மேலே மண்ணை அடைத்து, குழிக்குக் குழி வயரை முறுக்கிச் சேர்த்துவிட்டு, தூரத்தில் நின்று கரண்ட் கொடுத்தால் வெடிக்கும்.

“டார்ச் லைட் பேட்டரி போதும், இது போயிடும்” என்றார். “அப்ப மின்னல் விழுந்தா? பக்கத்துலகூட விழ வேணாம். அரை மைல் தள்ளி பூமில இறங்குனாகூட இந்த வயரு இழுத்துக்கும். நீ மருந்து போட்டு வயரு கட்டிட்டிருக்கறப்ப இழுத்துச்சுன்னா உன்னைக் கூடையிலதான் அள்ளணும். இப்ப தெரியுதா போர்டு எதுக்குன்னு?”

தெரிந்தது. கேப்பைத் தொடாமல் இரண்டு அடி தள்ளி நின்றேன். எங்கள் குவாரியில் மத்தியானம் ஒரு மணிக்கு வெடித்துவிட வேண்டும் என்ற வழக்கமும் இதனால்தான். கோடை இடி மூன்று மணிக்கு மேல்தான் வரும். அதற்கு முன்னால் குழியில் மருந்து மிச்சம் இருக்கக் கூடாது.

2. ரேடியோ துப்பும் கணக்கு

குவாரிக் குழிக்குள் இறங்கிவிட்டால் வானம் ஒரு மூடி அளவுக்குத்தான் தெரியும். எங்கள் பக்கம் கோடை மழை மேற்கே, பெரம்பலூர் பக்கமிருந்து வரும். குழிக்கு மேற்கில்தான் தோண்டிய மண்ணை மலை மாதிரி கொட்டி வைத்திருந்தார்கள். ஆகவே மேகம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் கண்ணில் படும். அப்போது பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. தோல் உறை போட்ட பழைய டிரான்சிஸ்டர் ஒன்று. மீடியம் வேவில், எந்த ஸ்டேஷனும் கிடைக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, ஒரு கல்லின் மேல் வைத்துவிடுவோம். சும்மா ‘உஸ்’ என்று இரைந்துகொண்டிருக்கும். முப்பது, நாற்பது மைலில் எங்காவது மின்னினால் உடனே ‘கர்ர்’ என்று கரகரக்கும். இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது, நான் போவதற்கு முன்பே அந்த வழக்கம் இருந்தது.

குழியை அடைக்கக் களிமண் சுமந்து வருகிற அஞ்சலை அதை ‘ரேடியோ துப்புது’ என்பாள். ஒரு சட்டி மண்ணைக் குழியில் போட்டு அடைப்பதற்குள் ரேடியோ மூன்று தடவை துப்பினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும். இதுதான் எங்கள் கணக்கு. எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ரேடியோவுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு துப்பலுக்கே எனக்குக் கால் ரெடியாகிவிடும். ‘வானிலை ரத்தினம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டுமே. 

மூன்றாம் வருஷம் ஒரு நாள், முப்பது குழியில் மருந்து போட்டு வயர் கட்டும் நேரத்தில் ரேடியோ விடாமல் துப்பியது. எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டேன். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். ஒரு பொட்டு மழை இல்லை. பிறகுதான் தெரிந்தது, மேலே ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வைத்திருக்கிறார்கள். அந்தத் தீப்பொறிக்கும் ரேடியோ துப்பும். அன்றைக்கு சிமெண்ட் ஃபேக்டரிக்குக் கல் போகவில்லை. மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

“இந்தியா எம்மாம் பெருசு. அதுல ஓரிரு இடத்துல இடின்னான். அந்த ஓரிரு இடம் உன் குழிதானா? வெல்டிங் செட்டுக்கு வேலைய நிறுத்தற ஆள வெச்சுக்கிட்டு நான் குவாரி நடத்தணும்.”

சிரித்தார்கள். அஞ்சலையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது என் மனசில் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் நிறுத்தினேன், ஆனால் நிறுத்துவதற்கு முன் ஒரு தரம் ஒர்க்‌ஷாப் பக்கம் திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

3. ஜபாரின் செட்

எனக்குப் பிறகு சேர்ந்தவன் ஜபார். லப்பைக்குடிக்காட்டுக்காரன். தெருவில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்க, இவன் மட்டும் விசாவுக்காக நாலு வருஷம் காத்துக்கொண்டு எங்கள் குழியில் வயர் முறுக்கிக்கொண்டிருந்தான். அத்தா இல்லை. அம்மாவுக்கு இவன் ஒருத்தன்தான். வயர் கட்டுவதில் அவன் கை மாதிரி நான் இன்னொரு கையைப் பார்த்ததில்லை. உறையைச் சீவி, மூன்று முறுக்கு, மடக்கு, அடுத்த குழி. பூக்கட்டுகிறவர்கள் கை போகிற மாதிரி போகும்.

நான் சேர்ந்து எட்டு வருஷம் இருக்கும், ஒரு மே மாதத்தில் அவனுக்கு விசா வந்தது. அடுத்த வாரம் டிக்கெட். துபாயிலிருந்து லீவில் வந்த அவன் மச்சான் கொண்டுவந்த ஒரு ரேடியோ செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெள்ளி நிறம், செங்கல் அளவு.

“செக்‌ஷனுக்கு என் ஞாபகமா இருக்கட்டும்ணே. அந்தக் கிழட்டு டிரான்சிஸ்டரத் தூக்கிப் போடுங்க. இதுல திருச்சி எஃப்எம் எப்புடிக் கேக்குதுன்னு பாருங்க.”

கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. பழையதை டைம் ஆபீஸ் பீரோ மேல் வைத்தோம். புதுசைக் கல்லின் மேல் வைத்தோம். நாலு நாளாகக் குழி முழுக்கப் பாட்டு. எட்டு வருஷமாகக் கரகரப்பையே கேட்ட காதுக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மே மாதம் தினமும் அதே வரிதான் ரேடியோவில் வந்தது: உள் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை. தொடர்ந்து பத்து நாளும் எங்கள் பக்கம் வெயில் மட்டும்தான் அடித்தது. பிறகு நான் போர்டைத் துடைப்பதையே விட்டுவிட்டேன். தேதியை மட்டும் அழித்து மாற்றினேன். ஒரு காலத்தில் அஸ்ஸாமைக்கூட விடாமல் எழுதிய ஆள்தான்.

4. ஏழு குழி பாக்கி

அன்றைக்குக் காலையிலேயே கம்ப்ரசர் மக்கர் பண்ணிவிட்டது. குழி போட்டு முடிக்கவே பன்னிரண்டு மணி. ஒரு மணி வெடி இல்லை என்று ஆகிவிட்டது. நாளைக்கு ஃபேக்டரிக்குக் கல் இல்லை, எத்தனை மணியானாலும் இன்றைக்கே வெடித்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நாற்பது குழி, மூன்று வரிசை. மருந்து போட்டு, மண் அடைத்து, வயர் கட்ட ஆரம்பித்தபோது மூன்றரை மணி.

கீழே நாங்கள் ஐந்து பேர். நான், ஜபார், அஞ்சலை, அவளோடு மண் சுமக்கிற இரண்டு பெண்கள். ஜபார் மூன்றாவது வரிசையில் குனிந்து கட்டிக்கொண்டு போனான். அவன் கட்டினதை நான் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். தலைக்கு மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

அஞ்சலை காலிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “அண்ணே, இந்தப் புது ரேடியோ வந்ததுலேருந்து ஒரு தடவகூட துப்பலையே. நல்ல வளர்ப்பு போல.”

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அவள் சொன்னது உறைத்தது. எட்டு வருஷத்தில் மே மாதத்து மத்தியானம் ஒன்றில்கூட ரேடியோ துப்பாமல் இருந்ததில்லை. எங்கேயாவது, பெரம்பலூர் பக்கமாவது மின்னும், ஒரு தடவையாவது துப்பும். நாலு நாளாக ஒன்றுமே இல்லை என்றால் அது வானத்தின் சமாசாரம் இல்லை.

ஓடிப்போய் செட்டைக் கையில் எடுத்தேன். பக்கவாட்டில் ஒரு சின்ன பட்டன். எஃப்எம்மிலிருந்து மீடியம் வேவுக்குத் தள்ளினேன்.

கொதிக்கிற எண்ணெயில் கடுகை அள்ளிப் போட்ட மாதிரி ஒரு சத்தம். மூன்று துப்பல் என்று எண்ணுவதற்கு இடைவெளியே இல்லை. எஃப்எம்முக்கு மின்னல் கேட்காது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அது சுத்தமாகப் பாடுவதே அந்தக் கரகரப்பை ஒதுக்கிவிட்டுத்தான். நாலு நாளாக நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு வேலை செய்திருக்கிறோம்.

உடனே கத்தினேன் என்று எழுத ஆசைதான். கத்தவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன், ஒர்க்‌ஷாப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மறுபடியும் வெல்டிங் செட்டாக இருந்தால்? எல்லோரும் சிரித்தால்? ஒரு நிமிஷம் நின்றிருப்பேன். அதற்குள் ஜபார் இரண்டு குழி கட்டிவிட்டான். சீவு, மூன்று முறுக்கு, மடக்கு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்றைக்கும் தூக்கத்தில் என்னை எழுப்புவது வெடிச்சத்தம் இல்லை, அந்த ஒரு நிமிஷம்தான்.

அப்போது மேற்கே மண்மேட்டைத் தாண்டி ஒரு காற்று இறங்கியது. குளிர்ந்த காற்று, ஈர மண் வாசனையோடு.

“ஜபாரு, கைய எடு. எல்லாத்தையும் அப்புடியே போட்டுட்டு வா.”

“ஏழுதாண்ணே பாக்கி. கட்டிட்டு வந்துடறேன்.”

“கைய எடுடான்னா.”

மேலே ரோட்டோரம் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற மேனேஜர் எட்டிப் பார்த்தார். “என்னய்யா ரத்தினம்? ஏழு குழிதானே, முடிச்சு சுட்டுடு. பத்து நிமிஷ வேலை.”

“ரேடியோ துப்புது சார்.”

“இவ்வளவு நேரம் பாட்டுல்ல கேட்டுச்சு?”

“அது எஃப்எம் சார். அதுக்குத் துப்பத் தெரியாது.”

“வெல்டிங் செட்டா இருக்கும்யா.”

எந்த வார்த்தைக்குப் பயந்தேனோ அதே வார்த்தை. ஆனால் வாய்விட்டுக் கேட்ட பிறகு அதில் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. “இருந்தா நாளைக்கு என்னை வூட்டுக்கு அனுப்பிடுங்க சார். இப்ப ஆள மேல ஏத்தறேன்” என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பெண்கள் மூவரையும் முதலில் ஏற்றிவிட்டேன். ஜபார் மூன்றாவது வரிசையிலிருந்து வயர் கட்டிய இரண்டு வரிசையையும் தாண்டி வர வேண்டும். வயரை மிதிக்கக் கூடாது, இழுத்துவிடக் கூடாது, ஓடவும் கூடாது. நான் மேலே ஏறும் பாதைச் சரிவின் அடியில் நின்றேன். போய்விட வேண்டும் என்று கால் துடித்தது. அடுத்த வாரம் டிக்கெட், அம்மாவுக்கு ஒரே பிள்ளை, இது இரண்டும்தான் மண்டையில் ஓடியது. அவன் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து வந்தான். நான் கல்லின் மேல் திரும்ப வைத்திருந்த ரேடியோவைப் பார்த்ததும் எடுக்கக் கை நீட்டினான்.

“வுடு. வா.”

விட்டுவிட்டு வந்தான். இருவரும் சரிவில் பாதிக்கு மேல் ஏறி, வளைவில் நின்ற டம்பர் லாரியை எட்டியிருப்போம். அஞ்சலையும் மற்ற இருவரும் அதற்கு அடியில் புகுந்திருந்தார்கள். எல்லாம் வெள்ளையாகிவிட்டது. சத்தம் எனக்கு நினைவில்லை. தரை காலைத் தூக்கிவிட்டது மட்டும் நினைவிருக்கிறது. ஜபாரை டம்பருக்கு அடியில் தள்ளி மேலே விழுந்தேன். சங்கு ஊதவில்லை, கொடி காட்டவில்லை, யாரும் பொத்தானை அழுத்தவில்லை, குழி தானாகவே வெடித்துவிட்டது. கல் டம்பர் மேல் விழுந்துகொண்டே இருந்தது. அஞ்சலை என் சட்டையைப் பிடித்த பிடியில் அதன் தோள் தையல் பிரிந்துவிட்டது. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மழை வந்தது, புழுதியெல்லாம் சேறாக எங்கள் மேல் வடிந்தது.

ஜபார் இருமினான். “யா அல்லாஹ்” என்றான். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணே, நான் இருக்கனா?” என்று கேட்டான்.

அவன் தலையை, முகத்தை, இரண்டு கையையும் தடவிப் பார்த்தேன். “இருக்கடா” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

மேனேஜர் மழையில் நனைந்துகொண்டே இறங்கி வந்தார். எங்கள் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினார். ஐந்து. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

5. அதற்குப் பிறகு

மறுநாள் போய்ப் பார்த்தோம். ஏழு குழி வெடிக்கவில்லை. ஜபார் கை படாத அந்த ஏழு. மற்ற முப்பத்து மூன்றும் போயிருந்தன. அவன் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்த இடத்தில் பாறையே இல்லை. ரேடியோவில் ஒரு திருகாணிகூடக் கிடைக்கவில்லை.

வெடித்த அன்று சாயங்காலமே ஜபார் ஊருக்குப் போன் பண்ணினான். பக்கத்தில் நின்றேன். மூன்று மணிக்கே பெரம்பலூர் பக்கம் இடியும் ஆலங்கட்டியுமாம், அவர்கள் கொட்டகைத் தகரம் பறந்துவிட்டதாம். அங்கே எப்படி என்று அம்மா கேட்டிருக்க வேண்டும். “இங்க லேசா பெஞ்சுச்சும்மா” என்றான்.

போனை வைத்த பிறகு டைம் ஆபீஸ் போர்டைப் பார்த்தேன். உள் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை. என் கையெழுத்துதான். நாள் கணக்காக என் கையெழுத்தை நானே படிக்கவில்லை. வானிலைக்காரன் தப்பாகச் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய நாட்டுக்குச் சொல்கிறவன் ஓரிரு இடம் என்றுதான் சொல்ல முடியும், அது எந்த இடம் என்று பார்ப்பது அந்தந்த இடத்தில் நிற்கிறவன் வேலை. நான் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டது இதுதான்: முன்னறிவிப்பைப் படித்தால் அதில் உங்கள் இடத்தைப் போட்டுப் படியுங்கள். அப்புறம், பயம் வந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், சிரிப்பதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

பழைய டிரான்சிஸ்டர் மறுநாளே பீரோவிலிருந்து இறங்கியது. போர்டைத் தினமும் துடைத்து, தினமும் புதிதாக எழுதினேன். முழு நாட்டையும் எழுதினேன், ராஜஸ்தான் புழுதி உட்பட. சாக்பீஸ் தீர்ந்தால் மேனேஜரே வாங்கிவந்து கொடுத்தார்.

ஜபார் துபாய் போய்ச் சேர்ந்தான். கத்திரி தொடங்கினால் டைம் ஆபீஸ் நம்பருக்கு அவன் போன் வந்துவிடும். அங்கிருந்து பேச நிமிஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியும், சீக்கிரம் வையடா என்பேன். கேட்கமாட்டான்.

“இன்னைக்கி வானிலை என்னண்ணே சொன்னான்?”

போர்டைப் பார்த்து வாசிப்பேன். ராஜஸ்தானில் புழுதிப் புயல். ஒரிசாவில் அனல் காற்று. அஸ்ஸாமில் பலத்த மழை. உள் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் என்று ஆரம்பிப்பேன், முடிக்க விடமாட்டான்.

“போதும்ணே. மேல ஏறி வந்துடுங்க.”